நிலாவுக்கு டச்சிங் செய்தவர்கள்

நான் வேலை பார்த்த அலுவலகத்தில் என்னைப் பற்றி ஒரு கதை உலவுகிறது. நிலாவில் ஒரு பாறை மலைமேலிருந்து உருண்டதை நான்தான் கண்டுபிடித்தேன் என்றும், அதற்கு வெளிநாட்டிலிருந்து பாராட்டு வந்தது என்றும், அதை நான் சட்டம் போட்டு வீட்டில் மாட்டியிருக்கிறேன் என்றும் புதிதாகச் சேர்ந்த பிள்ளைகள் பேசிக்கொள்கிறார்களாம். கதைக்குக் கண், மூக்கு, காது எல்லாம் முளைத்துவிட்டது. என் வீட்டில் சட்டம் போட்டு மாட்டியிருப்பது என் கல்யாண போட்டோ ஒன்றுதான். அதிலும் நான் கண்ணை மூடிக்கொண்டிருக்கிறேன்.

போன மாதம் அங்கே வேலை செய்யும் கீர்த்தனா போன் செய்தாள். புது மென்பொருள் வந்திருக்கிறதாம். நாங்கள் ஒரு வாரம் முதுகு ஒடிய உட்கார்ந்து சுத்தம் செய்த படத்தை அது டீ குடித்துவிட்டு வருவதற்குள் முடித்துவிடுகிறதாம். "ஆனா மூர்த்தி சார், எதை எடுத்தேன்னு கேட்டா மட்டும் சொல்ல மாட்டேங்குது. நீங்க அந்தச் சரிவு மேட்டரை ஒழுங்கா எழுதிக் குடுங்களேன். ஆளாளுக்கு ஒண்ணு சொல்றாங்க" என்றாள். கேட்டுவிட்டாள், எழுதுகிறேன். முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். பாறையைப் பிடித்தது நான் இல்லை. எங்கள் பாஷா சார்.

எனக்கு ஆதியில் நிலாவோடு எந்தச் சம்பந்தமும் கிடையாது. தேரடி வீதியில் ஒரு ஸ்டூடியோவில் டச்சிங் வேலை. நெகடிவை அடியில் வெளிச்சம் வரும் சாய்வுப் பலகையில் வைத்து, கூர் பென்சிலால் முகத்தின் பருவையும் அம்மைத் தழும்பையும் நிரப்புவேன். பெண் பார்க்க அனுப்பும் போட்டோ என்றால் கூடுதல் கவனம். பிறகு கம்ப்யூட்டர் வந்தது, பென்சில் போய் மவுஸ் வந்தது. தழும்பு மட்டும் அப்படியேதான் இருந்தது, அதை எடுக்கும் வேலையும் இருந்தது. அந்த வருடங்களைப் பற்றி எழுத வேறொன்றும் இல்லை.

அப்போதுதான் சென்னைக் கம்பெனி ஒன்று வேங்கிக்காலில், கலெக்டர் ஆபீஸைத் தாண்டி, ஒரு பைக் ஷோரூமின் மாடியில் கிளை திறந்தது. கம்ப்யூட்டரில் டச்சிங் தெரிந்தவர்கள் வேண்டும் என்றார்கள். ஊரில் இருந்த ஸ்டூடியோ ஆட்கள் பாதிப் பேர் போய் நின்றோம். துணிக்கடை விளம்பரமாக இருக்கும் என்று நினைத்தோம். திரையில் காட்டியது நிலா.

அது என்ன படம் என்று சொன்னால்தான் மேலே புரியும். அறுபதுகளில், மனிதன் நிலாவில் இறங்குவதற்கு முன், எங்கே இறங்கலாம் என்று பார்க்க ஆளில்லாத கலங்களை அனுப்பினார்கள். கலத்துக்குள்ளேயே பிலிம் இருந்தது. நிலாவைச் சுற்றிக்கொண்டே படம் எடுத்து, அங்கேயே மருந்து நனைத்த நாடாவை அழுத்தி பிலிமைக் கழுவி, காய வைத்து, கழுவிய பிலிமை ஓர் ஒளிப் புள்ளியால் கோடு கோடாக வருடி, ரேடியோவில் பூமிக்கு அனுப்பியது அந்தக் கலம். முழுப் படமாக அனுப்ப முடியாது. நாடா நாடாவாக வரும். பூமியில் அந்த நாடாக்களை மறுபடி பிலிமில் பதிந்து, ஒன்றுக்குப் பக்கத்தில் ஒன்றாக வைத்து ஒட்டினால் நிலாவின் ஒரு துண்டு கிடைக்கும்.

இதைக் கேட்ட அன்று என்னால் நம்பவே முடியவில்லை. சித்திரை வெயிலில் இருட்டறையில் மருந்து சூடாகிப் படம் கருத்துவிடும் என்று ஐஸ் கட்டியைப் பொட்டலம் கட்டி டிரேயில் போட்டுக்கொண்டு அல்லாடியவன் நான். குழாயைத் திறந்தால் தண்ணீரே வெந்நீராக வரும் ஊர் இது. அங்கே ஆளே இல்லாமல், தண்ணீரே இல்லாமல், நிலாவைச் சுற்றிக்கொண்டே பிலிம் கழுவியிருக்கிறார்கள். அந்த ஏற்பாட்டைச் செய்தவர்கள் எந்த ஊர்க்காரர்களோ, எனக்கு அவர்கள் மேல் இன்றைக்கும் பக்தி.

அந்தப் பழைய பிலிம்கள் ஒரு வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்தின் காப்பகத்தில் இருந்தன. வயதாகிக் கெட்டுக்கொண்டிருந்தன. அவர்கள் ஸ்கேன் செய்து அனுப்புவார்கள். தூசி, கீறல், நாடாக்களின் ஒட்டுக் கோடு எல்லாவற்றையும் நாங்கள் எடுத்துச் சுத்தம் செய்து திருப்பி அனுப்ப வேண்டும். இதுதான் வேலை.

முதல் தொகுதியை நாங்கள் செய்த அழகைச் சொல்ல வேண்டும். வந்தவர்கள் எல்லோரும் கல்யாணப் பெண் முகத்தில் கை பழகியவர்கள். சின்னச் சின்னக் குழி கண்ணில் பட்டால் கை சும்மா இருக்குமா? ஒரு வாரத்தில் நிலாவின் பாதிக் குழிகளைத் தூர்த்துவிட்டோம். என் பக்கத்து இருக்கையில் இருந்த தனம் தன் படத்தைத் தள்ளி நின்று பார்த்து, "பவுடர் போட்டு உட்ட மாதிரி எப்டி இருக்குது பாருங்கண்ணா" என்று பெருமைப்பட்டாள். எனக்கும் நன்றாகத்தான் இருந்தது. காப்பகத்திலிருந்து மிகப் பணிவாகப் பதில் வந்தது. வேலை மிக நேர்த்தி, நன்றி, ஆனால் எங்கள் பள்ளங்கள் எங்கே போயின என்று தெரிந்துகொள்ளலாமா என்று கேட்டிருந்தார்கள்.

சென்னையிலிருந்து மேனேஜர் பாலாஜி போனில் காய்ச்சி எடுத்தார். பள்ளத்தைத் தொடாதே, கீறலையும் தூசியையும் மட்டும் எடு என்று உத்தரவு. அப்படியே சில மாதம் ஓடியது. ஆனால் ஸ்டூடியோவில் பழகிய இன்னொரு வழக்கம் எங்களை விடவில்லை. டச்சிங் முடித்த படத்தை அதே கோப்பின் மேலேயே சேமித்துவிடுவோம். தழும்போடு இருந்த படம் யாருக்கு வேண்டும்? எந்தப் பெண் வீட்டுக்காரர் அதைத் திருப்பிக் கேட்டார்? காப்பகத்தில்தான் மூலம் இருக்கிறதே என்று பாலாஜியும் கண்டுகொள்ளவில்லை. இந்த வழக்கம்தான் பின்னால் எங்கள் கழுத்தைப் பிடித்தது.

குறை சொல்லி மெயில் வருவது நிற்காததால் கம்பெனி பாஷா சாரை எங்களுக்குத் தலைவராகப் போட்டது. அவர் இந்த ஊர்க்காரர்தான். அப்பா காலத்திலிருந்து குடும்பத்துக்குக் கடைத்தெருவில் பூட்டுச் சாவிக் கடை. இவர் படித்து, வரைபடம் தயாரிக்கும் ஒரு அரசுத் துறையில் விமானத்திலிருந்து எடுத்த படங்களைப் படித்துச் சொல்லும் வேலையில் இருந்து ஓய்வு பெற்றவர். ஏரி எங்கே, மேடு எங்கே என்று படத்தை வைத்தே சொல்லிவிடுவார். ஒல்லியான மனிதர், வெள்ளை அரைக்கை சட்டை. அவர் கத்தி நான் கேட்டதே இல்லை. நம் பின்னால் வந்து கையைப் பின்னுக்குக் கட்டிக்கொண்டு நிற்பார். "நல்லா இருக்கு. இன்னா எடுத்தீங்க?" என்பார். அவ்வளவுதான். எல்லா மேலதிகாரியும் என்ன செய்தாய் என்று கேட்பார்கள். இவர் ஒருவர்தான் என்ன எடுத்தாய் என்று கேட்டவர்.

வந்த முதல் நாளே அவர் இரண்டு காரியம் செய்தார். மூலத்தின் மேல் இனி யாரும் கை வைக்கக் கூடாது, எடுப்பதையெல்லாம் படத்துக்கு மேல் கண்ணாடித் தாள் விரித்த மாதிரி தனி அடுக்கில் செய்ய வேண்டும் என்றார். அடுக்கை எடுத்துவிட்டால் அடியில் பழைய படம் அப்படியே இருக்கும். இரண்டாவது, படத்தில் எந்தக் கோட்டைப் பார்த்தாலும் அது யாருடையது என்று கேட்கச் சொன்னார். சொந்தக்காரர்கள் பல பேர். நிலாவே போட்ட கோடாக இருக்கலாம். கலத்தில் கழுவும்போது விழுந்த கறையாக இருக்கலாம். ரேடியோவில் வரும் வழியில் சேர்ந்த இரைச்சலாக இருக்கலாம். பூமியில் பதிந்த பிலிமில் விழுந்த கீறலாகவோ முடியாகவோ இருக்கலாம். ஸ்கேன் செய்த கண்ணாடியில் இருந்த தூசியாக இருக்கலாம். நிலாவினுடையதைத் தொடக் கூடாது. மற்றதை எடுக்கலாம்.

கண்டுபிடிப்பது எப்படி என்று அவர் சொன்னது எனக்கு இன்னும் காதில் இருக்கிறது. "நாடாவோட ஓரத்தைப் பாருங்க. ஓரத்துல கொஞ்சம் வெத்து இடம் இருக்குதில்ல? கோடு அந்த வெத்து இடத்துலயும் ஓடுச்சுன்னா அது பூமில வுழுந்த கீறல். நிலாவோட கோடு அங்க வராது, படத்தோட நின்னுடும். அப்புறம் நிழலைப் பாருங்க. நிலாவுல இருக்கற எதுவா இருந்தாலும் ஒரு பக்கம் வெளிச்சம், ஒரு பக்கம் நிழல் இருக்கும். முடிக்கு ஏது நிழல்?" கேட்க எளிது. செய்யும்போது கண் பிதுங்கும். வெளிச்சம் எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று மறந்து பார்த்தால் பள்ளம் எல்லாம் மேடாகத் தெரியும். எத்தனையோ நாள் நான் கொப்புளம் கொப்புளமாக ஒரு நிலாவைப் பார்த்துவிட்டு, திரையில் படத்தைத் தலைகீழாகத் திருப்பியதும் எல்லாம் பள்ளமாக உள்ளே போவதைக் கண்டு அசந்திருக்கிறேன்.

இனி அந்தச் சரிவு விஷயம்.

பாஷா சார் வந்து சில வருடம் ஆகியிருந்தது. ஒரு நாள் அந்தப் பல்கலைக்கழகத்தின் பேராசிரியர் அம்மா ஒருவரிடமிருந்து மெயில் வந்தது. இப்போது நிலாவைச் சுற்றும் புதிய கலங்கள் எடுத்த படத்தையும், நாங்கள் சுத்தம் செய்து கொடுத்த பழைய படத்தையும் அவர் ஒப்பிட்டுக்கொண்டிருந்தார். ஒரு பெரிய பள்ளத்தின் உட்சரிவு. புதிய படத்தில் சரிவின் அடியில் ஒரு பாறை கிடக்கிறது. அது உருண்டு வந்த தடம் மேலிருந்து கீழே நீளக் கோடாகத் தெரிகிறது. பழைய படத்தில் மேல் பகுதி இல்லை. படச் சட்டத்துக்கு வெளியே போய்விட்டது. கீழ்ப் பகுதி மட்டும் இருக்கிறது. அந்தக் கீழ்ப் பகுதியில் தடம் இல்லை. பாறை வந்து நிற்க வேண்டிய இடமோ பழைய படத்தில் ஒரு பள்ளத்தின் நிழலில் மறைந்திருக்கிறது. இரண்டு படத்திலும் வெயில் ஏறக்குறைய ஒரே பக்கமிருந்து விழுகிறது, புதியதில் மட்டும் கொஞ்சம் மேலேயிருந்து.

அப்படியென்றால் இந்த இரண்டு படங்களுக்கும் நடுவில், நம் காலத்தில், அந்தப் பாறை உருண்டிருக்கிறது. காற்றில்லாத, மழையில்லாத இடத்தில் ஏன் உருண்டது, நிலா அதிர்ந்ததா என்று அவருக்குப் பெரிய ஆராய்ச்சி இருந்தது. அவர் கேட்டது ஒரே கேள்வி. அந்த இடத்தில் ஏதாவது கோட்டை நீங்கள் கீறல் என்று நினைத்து எடுத்தீர்களா?

மூலத்தைப் பார்த்தால் தெரிந்துவிடும். ஆனால் அந்தத் தொகுதியின் ஸ்கேன் அவர்களிடமிருந்த கம்ப்யூட்டர் வட்டில் கெட்டுப்போயிருந்தது. மறுபடி ஸ்கேன் செய்யலாம் என்று பிலிம் சுருளைத் திறந்தால் அது புளித்த காடி வாசனை அடித்து, ஒன்றோடொன்று ஒட்டி, பிரிக்க முடியாமல் ஆகிவிட்டதாம். எங்களிடம் இருந்ததோ பாஷா சார் வருவதற்கு முன் செய்த படம். மேலேயே சேமித்தது. கோப்பின் பெயருக்குக் கடைசியில் யார் செய்தது என்று ஓர் எழுத்து போடுவோம். தனத்தின் எழுத்து இருந்தது.

பாஷா சார் என்னை மட்டும் கூப்பிட்டுப் படத்தைப் பெரிதாக்கினார். கலத்தில் ஒளிப் புள்ளி வருடிய மெல்லிய கோடுகள் படம் முழுக்கப் புடவையின் இழை போல ஓடும். டச்சிங் செய்த இடத்தில் அந்த இழை அறுந்து, பக்கத்திலிருந்து எடுத்து ஒட்டிய இழை கொஞ்சம் விலகி நிற்கும். சும்மா பார்த்தால் தெரியாது. அவ்வளவு பெரிதாக்கினால் தெரியும். தடம் வர வேண்டிய இடத்தில், நீளவாக்கில், இழை அறுந்திருந்தது. தனத்தின் கை எனக்குத் தெரியும், பக்கத்தில் உட்கார்ந்து பல வருடம் பார்த்திருக்கிறேன். அவள் அங்கே எதையோ எடுத்திருக்கிறாள். முடியா, கீறலா, அந்தப் பாறையின் தடமா, யாருக்கும் தெரியாது.

தனம் பக்கத்து ஊர் அடி அண்ணாமலைக்காரி. கணவருக்கு லோடு ஆட்டோ விபத்தில் இடுப்பு போய்விட்டது. இரண்டு பெண் பிள்ளைகள் படித்துக்கொண்டிருந்தார்கள். அவள் சம்பளத்தில்தான் வீடு ஓடியது. நிலாவின் தரையை யாராவது அழித்தது உறுதியானால் அவரை வேலையிலிருந்து எடுத்துவிட வேண்டும் என்று கம்பெனி போட்ட ஒப்பந்தத்தில் இருந்தது.

சார் அவளைக் கூப்பிட்டுக் கேட்டார். அவள் திரையை வெகுநேரம் பார்த்தாள்.

"என் கைதான் சார். ஆனா இன்னா எடுத்தேன்னு சத்தியமா ஞாபகம் இல்ல. தடம் இல்ல, முடிதான்னு சொல்லிடலாம். சொல்ல மனசு வரல."

"ஞாபகம் இல்லன்னு சொன்னீங்க பாருங்கம்மா, அது போதும்" என்றார் சார்.

பாலாஜிக்குச் செய்தி போனது. சாருக்குக் காது கொஞ்சம் மந்தம். அதனால் போனை ஸ்பீக்கரில் போட்டுத்தான் பேசுவார். கண்ணாடி அறைக்கு வெளியே இருந்த எங்கள் எல்லோருக்கும் கேட்டது.

"சார், இதுல யோசிக்கறதுக்கு ஒண்ணுமே இல்ல. நாங்க தொடலன்னு ஒரு வரி எழுதி அனுப்புங்க. அந்தம்மாவும் அதைக் கேக்கத்தான் ஆசைப்படறாங்க. கண்டுபிடிப்பு பெருசானா நமக்கும் நல்ல பேரு. அடுத்த கான்ட்ராக்ட்டும் நமக்குத்தான்."

"தொட்டிருக்கோம் பாலாஜி."

"அது யாருக்குத் தெரியும்?"

"எனக்குத் தெரியும். மூர்த்திக்குத் தெரியும். தனத்துக்குத் தெரியும். மூணு பேரு ஜாஸ்தி இல்லையா?"

பாலாஜி, "தொட்டோம்னு எழுதினா மொத்த வேலையும் போயிடும் சார். ப்ராஞ்சையே மூடிடுவாங்க. எழுதித்தான் ஆவேன்னா, அந்தப் பொண்ணு தப்பு பண்ணிட்டா, வேலைய விட்டு எடுத்துட்டோம்னு சேத்து எழுதுங்க" என்றார்.

"என் செக்ஷன்ல நடந்தது. என் பேர்ல எழுதறேன்."

"நீங்க அப்ப ஜாயினே பண்ணலையே சார்!"

"இப்ப பண்ணிட்டேன்ல."

அப்படியே எழுதினார். அந்த இடத்தில் எங்கள் கை பட்டிருக்கிறது, எடுத்தது என்ன என்று எங்களுக்குத் தெரியாது, பொறுப்பு என்னுடையது, வேறு வழியில் கண்டுபிடிக்கக் கொஞ்சம் அவகாசம் கொடுங்கள் என்று நாலே வரி. நானாக இருந்தால் பாலாஜி சொன்னதை எழுதிவிட்டு நிம்மதியாக வீட்டுக்குப் போயிருப்பேன். அந்த நாலு வரியைப் படித்தபோது எனக்கு அவரைக் கையெடுத்துக் கும்பிட வேண்டும் போல இருந்தது. கூடவே கோபமும் வந்தது. எங்கள் எல்லோர் சோற்றையும் அல்லவா இவர் பணயம் வைத்தார்? அதையும் அவரிடம் சொன்னேன். "தெரியும் மூர்த்தி" என்றார்.

முடிவு தெரியும்வரை தனம் இருக்கையில் உட்காரக் கூடாது என்று சென்னையிலிருந்து உத்தரவு வந்தது. அதை மட்டும் அவரால் தடுக்க முடியவில்லை. தனம் டிபன் பாக்ஸைப் பையில் வைத்துக்கொண்டு, யார் முகத்தையும் பார்க்காமல் படியிறங்கிப் போனாள்.

மறுநாள் காலை சார் எங்களைக் கூட்டி வைத்துக் கேட்டார். "ஒரு கல்யாணத்துல ஒரு போட்டோவோடவா நிறுத்திடுவீங்க? அதே ஆளு பக்கத்து போட்டோலயும் நிப்பாருல்ல?" விமானப் படத்தில் அடுத்தடுத்த சட்டங்கள் ஒன்றன்மேல் ஒன்று கொஞ்சம் ஏறித்தான் இருக்கும். நிலாவைச் சுற்றிய கலமும் அப்படித்தான் எடுத்திருக்கும் என்பது அவர் கணக்கு. அடுத்த சட்டத்தைத் தேடினோம். இருந்தது. அந்தச் சரிவு அதன் ஓரத்தில், உச்சி விளிம்போடு சேர்ந்து இருந்தது. ஆனால் அந்தப் பக்கம் முழுக்கக் கறை. கலத்தில் மருந்து நாடா பிலிமோடு ஒட்டி நின்றுபோன இடத்தில் விழுந்த கறை, டீ கொட்டிய துணி மாதிரி படர்ந்திருந்தது. சுத்தம் செய்து பயனில்லை என்று காப்பகமே ஒதுக்கி வைத்த படம் அது. ஒதுக்கி வைத்ததால் அதன் ஸ்கேன் கெட்டுப்போன தொகுதியில் சேராமல் தனியாகத் தப்பியிருந்தது, அதில் எங்கள் யாருடைய கையும் படவில்லை.

கறையைச் சார் எப்படி இறக்கினார் என்பதை நிதானமாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அது எங்கள் பழைய வேலைதான். இருட்டறையில் ஒரு நெகடிவில் பாதி கருத்து, பாதி வெளுத்து இருந்தால், அதையே மங்கலாக இன்னொரு பிலிமில் எடுத்து, இரண்டையும் ஒன்றன்மேல் ஒன்று வைத்து பிரிண்ட் போடுவோம். அகலமான கருப்பு வெள்ளை எல்லாம் அடங்கி, பொடி விவரம் மட்டும் மேலே வரும். கறை அகலமானது, மெதுவாகக் கருத்து மெதுவாக வெளுக்கும். பாறையும் பள்ளமும் பொடியானவை, சட்டென்று மாறும். அதனால் படத்தை நன்றாக மங்கலாக்கி, அந்த மங்கலை அசலிலிருந்து கழிக்க வேண்டும். எவ்வளவு மங்கல் என்பதில்தான் சூட்சுமம். கம்மியாக மங்கலாக்கினால் கறையோடு பாறையும் கழிந்துபோகும். ஜாஸ்தியானால் கறை அப்படியே நிற்கும். ஒவ்வொரு நாடாவுக்கும் அளவு வேறு. ஒரு நாடாவுக்குச் சரியாக வந்தது பக்கத்து நாடாவுக்குப் பிசகும்.

நானும் சாரும் நாடா நாடாவாகப் போனோம். அவர் அவசரமே படவில்லை. நான் ஆவலில் ஒரு கட்டத்தைப் பளிச்சென்று ஏற்றினால், "இறக்குங்க மூர்த்தி. நமக்கு வேணுங்கறதை நாமளே வரைஞ்சிடப் போறோம்" என்பார். மதியம் எங்களோடுதான் சாப்பிடுவார். தனத்தின் காலி நாற்காலியில் யாரும் பையை வைக்காமல் பார்த்துக்கொண்டார். இதற்கிடையில் பாலாஜி தினமும் போன் செய்து, பல்கலைக்கழகம் மற்றத் தொகுதிகளையும் நிறுத்தி வைத்துவிட்டதாகச் சொல்வார். "சரிங்க" என்று வைத்துவிடுவார் சார்.

ஒரு பிற்பகல், உச்சி விளிம்பு இருந்த நாடாக்கள் சேர்ந்தன. கறை சாம்பலாக அடங்கியிருந்தது. சார் எழுந்து போய் முகம் கழுவிவிட்டு வந்தார். பிறகு இந்த வேலையில் எங்களோடு உட்காராத மூன்று பேரை ஒவ்வொருவராகக் கூப்பிட்டார். ஒருவரோடு ஒருவர் பேசிக்கொள்ளக் கூடாது. என்ன தேடுகிறோம் என்று சொல்ல மாட்டார். இரண்டு படம் காட்டுவார். ஒன்று இந்த விளிம்பு, இன்னொன்று அதே பள்ளத்தின் எதிர் விளிம்பு. மேடாகத் தெரிவதை எல்லாம் குறிக்க வேண்டும். பிறகு படத்தைத் தலைகீழாகத் திருப்பி, மறுபடியும் குறிக்க வேண்டும். கடைசியில் எல்லோர் குறியையும் ஒன்றன்மேல் ஒன்று போட்டுப் பார்த்தார்.

மற்ற இடங்களில் ஆளுக்கொரு மாதிரி குறித்திருந்தார்கள். ஓர் இடத்தில் மட்டும் எல்லோரும், நேராகவும் தலைகீழாகவும், ஒன்றுபோல் குறித்திருந்தார்கள். விளிம்பின் உச்சியில் ஒரு பாறை. வெயில் பக்கம் வெளுத்து, எதிர்ப்பக்கம் நிழல் நீண்டு கிடந்தது. பாதிப் பாறை ஒரு நாடாவில், மீதியும் நிழலும் அடுத்த நாடாவில். தனித்தனியாக ரேடியோவில் வந்த இரண்டு நாடாக்களிலும் ஒட்டுப் போட்ட இடத்தில் பிசகாமல் சேர்ந்தது. இரைச்சலோ தூசியோ அப்படிச் சேராது. புதிய படத்தில் அதே இடத்தைப் பார்த்தோம். அங்கே பாறை இல்லை. அது இருந்த இடத்தில் ஒரு சின்னக் குழி, அங்கிருந்து கீழே தடம், தடத்தின் முடிவில் அதே பாறை.

பழைய படம் எடுத்தபோது பாறை மேலேயே உட்கார்ந்திருந்திருக்கிறது. உருளாத பாறைக்குத் தடம் ஏது? தனம் எடுத்தது முடியோ கீறலோ, அது என்ன என்று இன்றுவரை தெரியாது. தடம் இல்லை என்பது மட்டும் தெரிந்தது.

எங்களில் ஒருவன் கை தட்டினான். சார் மட்டும் நாற்காலியில் சாய்ந்து, "அல்லாவே" என்று ஒரு மூச்சு விட்டார். இத்தனை நாளும் அவருக்கும் பயம் இருந்தது என்று எனக்கு அப்போதுதான் தெரிந்தது.

அன்றே எல்லாவற்றையும், கறை இருந்த படம், இறக்கிய படம், இறக்கிய விதம், எங்கள் குறிகள் என்று கட்டி அனுப்பினார். பேராசிரியர் அம்மா தானும் அதே வழியில் செய்து பார்த்துவிட்டு, பாறை தனக்கும் தெரிகிறது என்று எழுதினார். நிறுத்தி வைத்த தொகுதிகளும் வந்தன. பாலாஜி போன் செய்து சிரித்தார்.

"அன்னைக்கே தொடலன்னு சொல்லியிருந்தா இதே முடிவுதானே சார்? எதுக்கு எல்லாரையும் இப்படி அலைக்கழிச்சீங்க?"

"இதே முடிவு இல்ல பாலாஜி. அப்ப அது வெறும் நம்ம வார்த்தை. இப்ப படத்துல இருக்குது, யார் வேணா பாத்துக்கலாம்" என்றார் சார். கோபமே இல்லாமல் சொன்னார். பிறகு, "அந்தம்மாவை நானே போய்க் கூட்டிட்டு வரேன்" என்று போனை வைத்தார்.

போனில் சொல்லிவிடலாம் என்றேன். கேட்கவில்லை. லேப்டாப்பை மடியில் வைத்துக்கொண்டு ஷேர் ஆட்டோவில் என்னோடு அடி அண்ணாமலைக்கு வந்தார். வாசலில் தார்ப்பாயில் வேர்க்கடலை, எங்கள் ஊர்ப் பேச்சில் மல்லாட்டை, காய்ந்துகொண்டிருந்தது. தனம் அதைக் காலால் கிளறிவிட்டுக்கொண்டிருந்தாள். எங்களைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டாள். வேலை போன செய்தியைச் சொல்ல வந்திருக்கிறோம் என்று நினைத்துவிட்டாள் என்பது முகத்திலேயே தெரிந்தது. நான் அவசரமாக வாயைத் திறந்தேன். சார் என் கையைத் தொட்டு நிறுத்தினார்.

வெயிலில் திரை தெரியாது என்று உள்ளே போனோம். கட்டிலில் இருந்த அவள் கணவர் எழ முயன்றார். சார் வேண்டாம் என்று கை காட்டிவிட்டு, லேப்டாப்பைத் திறந்து, பழைய படத்தையும் புதிய படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, திரையை அவள் பக்கம் திருப்பினார்.

"நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன். நீங்களே பாருங்கம்மா."

அவள் முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தாள். பழைய படத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். வெளிச்சம் எந்தப் பக்கம் என்று தலையைச் சாய்த்துப் பார்த்துக்கொண்டாள். கண் விளிம்பின் உச்சிக்குப் போய் நின்றது. புதிய படத்துக்கு வந்தாள். அதே இடம் காலியாக இருந்தது. அங்கே விரலை வைத்து, தடத்தின் மேலேயே மெல்லக் கீழே இழுத்துக்கொண்டு வந்தாள். பாறை கிடந்த இடத்தில் விரல் நின்றது. விரலை எடுக்காமல் நிமிர்ந்து சாரைப் பார்த்தாள். கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது.

"கல்லு தானாத்தான் வுழுந்திருக்கு சார்" என்றாள். "நான் ஒண்ணும் பண்ணல."

சார் கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியில் துடைத்தார். "ஆமாம்மா. நீங்க ஒண்ணும் பண்ணல" என்றார்.